குழிக்குள் முழுகிய குழாய்

சேசு மரி சூசை

பள்ளத்தெரு,
14 மே 1934

அன்புள்ள அண்ணனுக்கு மேரி எழுதிக்கொண்டது.

சொல்லாமல் கொள்ளாமல் ஆம்பூருக்கு வண்டியேறிப் போன நீ சுகமாக இருப்பாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷம் இங்கே மேஸ்திரியாக இருந்த உன்னை முதலாளி திடீரென்று அங்கே மாற்றினார் என்றால், ஆம்பூர்த் தோலெல்லாம் உன் முகத்தைப் பார்க்காமல் பதப்படமாட்டேன் என்று அடம்பிடித்ததா? அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

தெருவில் சீக்கில் படுத்தவர்கள் எழுந்திருப்பதற்குள் நீ போய்விட்டாய், அதனால் பாதிக் கதைதான் உனக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும். நானும் ஒரு வாரம் கிடந்தேன். தேவகியின் கைக்குழந்தை செத்துப்போயிற்று அண்ணா. உன் கீழே தோல் ஷாப்புச் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த பெருமாள் இருக்கிறானே, அவன் பிள்ளை. கலியாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தது. அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவன் போனதை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் குழாய்த் தண்ணீரால் வந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வால்வு திறந்து மூடுகிறவர் என்று உடனே என் வீட்டுக்காரரை, உன் மாப்பிள்ளையை, நகரசபை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மேட்டுத் தொட்டியைக் கழுவாமல் விட்டு, பாசியும் அழுக்குமாகத் தண்ணீரைத் திறந்தாராம். அவரைப் பற்றி உனக்குத் தெரியாதா? வால்வு திறக்கிற அந்த இரும்புச் சாவியைக்கூடத் துடைத்துத்தான் ஆணியில் மாட்டுவார். இப்போது அவர் தெருவில் நடந்தால் தேவகி மண்ணை வாரி இறைக்கிறாள். "என் புள்ளைக்கு வெசத் தண்ணி வுட்டவன் போறான் பாரு" என்கிறாள். பெற்றவள், அவளை நான் என்ன சொல்ல? கோயிலில்கூட எங்கள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

வருகிற மாதம் சேர்மன் விசாரணை வைக்கிறார். வேலை போனாலும் போகட்டும், பிள்ளையைக் கொன்றவர் என்ற பேரோடு அவர் இந்தத் தெருவில் எப்படி நடமாடுவார்? உன் முதலாளி கவுன்சிலர்களோடு பழகுகிறவர். நீ கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உன் தங்கை
ஆரோக்கியமேரி

•

ஆம்பூர்,
22 மே 1934

தங்கச்சி மேரிக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

உன் கடுதாசி கிடைத்தது. இங்கே வேலை ஜாஸ்தி, அதனால்தான் பதில் தாமதம். வந்த நாளிலிருந்து மூச்சு விட நேரமில்லை. அண்ணிக்கு வீடு பிடித்திருக்கிறது, பிள்ளைகளுக்குத்தான் பேஜாராக இருக்கிறது.

பெருமாள் பிள்ளை விஷயம் கேட்டு மனம் மிகவும் கஷ்டப்பட்டது. நாம் என்ன செய்ய முடியும், ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார். சுண்ணாம்புத் தண்ணீர் பெரியவர்கள் குடலை அலசிவிட்டுப் போய்விடும், பச்சைப் பிள்ளைகளுக்குத்தான் தாங்காது. நீங்கள் கொஞ்ச நாள் குழாயை நம்பாமல் ஆற்று ஊற்றிலிருந்து எடுத்துவந்து காய்ச்சிக் குடியுங்கள்.

மாப்பிள்ளை விஷயத்தில் நான் சொல்வதைக் கேள். விசாரணையில் எதிர்த்து எதிர்த்துப் பேச வேண்டாம். தொட்டியை ஒருநாள் கழுவாமல் விடுவது யாருக்கும் நடக்கும். தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெரிய மனுஷர்கள் இரங்குவார்கள். முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன். இந்தப் பேச்சைத் தெருவில் இழுத்துக்கொண்டு திரியாதே.

அந்தோணி

•

பள்ளத்தெரு,
29 மே 1934

அண்ணனுக்கு,

உன் கடுதாசியை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் படிக்கையில் அழுதேன். இரண்டாம் தரம் எங்கேயோ இடறியது. மூன்றாம் தரம் அந்த இடத்தில் விரல் வைத்தேன். தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தது என்று நான் எழுதவில்லையே அண்ணா. பாசி, அழுக்கு என்றுதானே எழுதினேன். டாக்டருக்கும் தெரியாத சுண்ணாம்பு ஆம்பூரில் இருக்கிற உனக்கு எப்படித் தெரிந்தது?

நாங்கள் குழாய் வாயில் ஒரு துணியைக் கட்டித்தான் தண்ணீர் பிடிப்போம், உனக்குத் தெரியும். சீக்கு வந்த அன்றைக்கு என் துணியில் நாலைந்து வெள்ளாட்டு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. யார் வீட்டு ஆடோ குழாயில் உரசியிருக்கும் என்று உதறிவிட்டேன். உன் கடுதாசியைப் பார்த்த பிறகு அது ஞாபகம் வந்து, ஹலீமா பீயைத் தேடிப் போனேன். அவள்தானே உன் ஷாப்பில் உதிர்கிற மயிரை வாரிக்கொண்டு போய்க் கயிறு திரிக்கிறவள். அவளைக் கேட்டால் சாதாரணமாகச் சொல்கிறாள்: "இன்னா மேரி, ஒனக்குத் தெரியாதா? கெணறு வத்துனதுலேர்ந்து முனிசிபல் குழாயிலதான் தண்ணி. ரப்பர் குழாயை மாட்டி, வாயை அப்டியே சுண்ணாம்புக் குழியில முழுவ வுட்டுருப்பாங்க. பொழுதன்னைக்கும் அங்கதான் கெடக்கும்."

வீட்டுக்கு வந்து உன் மாப்பிள்ளையிடம் கேட்டேன். வேலை போன பிறகு பின்னுகிற கூடையை அவர் ஓரமாக வைத்தார். பிறகு மண்ணெண்ணெய் டின்னைக் காட்டினார். டின்னில் குழாயை விட்டு வாயால் ஓர் இழுப்பு இழுத்தால் போதும், பிறகு தானாகவே கீழே இறங்கிக்கொண்டிருக்கும் அல்லவா? அதுபோலத்தான் என்றார். மேட்டில் அவர் வால்வை மூடியதும் குழாயில் மிஞ்சிய தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கும். இறங்கும்போது பின்னால் இருக்கிறதை இழுக்கும். நடுவில் உன் ஷாப்பு. குழாய் வாய் குழிக்குள் முழுகிக் கிடந்தால் குழித் தண்ணீரை அல்லவா இழுக்கும்?

எங்கள் தெருவில் வால்வு மூடிய பிறகும் யாரும் குழாயை மூடுவதில்லை. கடைசியாக வடிகிற தண்ணீருக்கும் குடம் வைத்துக் காத்திருப்போம். கைப்பிள்ளைக்காரி என்பதால் தேவகி எப்போதும் வரிசையில் கடைசியாகத்தான் வருவாள்.

இது உனக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா? அதை மட்டும் எழுது.

மேரி

•

ஆம்பூர்,
6 ஜூன் 1934

மேரி,

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. தெரிந்துதான் நடந்தது. ஆனால் இப்படி ஆகும் என்று தெரியாது. அம்மா கல்லறை மேல் ஆணை, தெரியாது.

இந்த வருஷக் கோடையை நீயே பார்த்தாய். கிணற்றில் வாளி மோதுகிற சத்தம்தான் கேட்டது. குழி நிறையத் தோல். தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் அழுகிப்போகும். முதலாளி என்னைத்தான் பார்த்தார். ஷாப்புக்கு நகரசபை கொடுத்த குழாய் ஆட்கள் குடிப்பதற்கு மட்டும். குழிக்கு விட்டால் குழாயையே பிடுங்கிவிடுவார்கள். குழியில் தண்ணீர் விழுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். அந்த வழியாக வால்வு மூடப் போகிறவர் யார்? நம் மாப்பிள்ளைதான். அவருக்குப் பாம்புச் செவி. கேட்டுவிட்டால் மச்சான் என்று பார்க்கமாட்டார், நேரே ஆபீசில் போய்ச் சொல்லிவிடுவார். அதனால்தான் குழாய் வாயைத் தண்ணீருக்கு அடியில் முழுகவிடச் சொன்னேன். முழுகிவிட்டால் சத்தம் வராது. அவ்வளவுதான் என் புத்தி வேலை செய்தது. அவர் காதுக்குப் பயந்து செய்த காரியம் அவர் தலையிலேயே விடியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

தெருவில் சீக்கு என்று செய்தி வந்ததும் முதலாளி என்னை இங்கே அனுப்பிவிட்டார். நீ கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. விசாரணைக்கு நான் வருகிறேன். முதல்நாளே வந்து உன் வீட்டில் தங்குகிறேன். குழாய் குழிக்குள் கிடந்தது, மாப்பிள்ளை மேல் தப்பில்லை என்று சேர்மன் எதிரில் சொல்கிறேன். என் வேலை போனாலும் போகட்டும். நீ அழாமல் இரு பாப்பா.

உன் அண்ணன்
அந்தோணி

•

பள்ளத்தெரு,
30 ஜூன் 1934

அந்தோணி மேஸ்திரி அவர்களுக்கு,

வந்தீர்கள். சொன்னபடி முதல்நாளே வந்தீர்கள். உங்களுக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுக் குழம்பு வைத்தேன். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். காலையில் என் புருஷன் உங்கள் சட்டையை வாங்கி மடிப்புக் கலையாமல் உதறிக் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போனதைப் பார்த்து, மாதா கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். பைத்தியக்காரி நான்.

சேர்மன் கேட்டார். நீங்கள் எழுந்து நின்றீர்கள். நான் பின்னால் பெண்கள் பக்கம் நின்றிருந்தேன், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "தொட்டி பாசி புடிச்சித்தான் கெடந்துது சார். ரெண்டு மூணு தபா எங்க மாப்பிள்ளைகிட்ட நானே சொன்னேன். அவரு காதுல வாங்கல." சேர்மன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சொந்த மச்சானே சொல்றப்போ இனிமே யாரைக் கேக்கணும்?" என்றார். அவ்வளவுதான், விசாரணை முடிந்துவிட்டது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர்கள் நம்பியிருக்கமாட்டார்கள். என் அண்ணன் சொன்னதால் நம்பினார்கள். வராமலே இருந்திருக்கலாமே நீங்கள்! மௌனமாக இருந்திருந்தால் கோழை என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது ஆம்பூரில் உங்களுக்குக் கீழே இரண்டு ஷாப்பாமே. மகிழ்ச்சி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்களுக்குப் பழி, உங்களுக்குப் பதவி.

என் புருஷன் மேலும் எனக்குக் கோபம்தான். "ஏன்யா ஒரு வார்த்தை பேசல? கல்லு மாதிரி நின்னுட்டு வர்ற?" என்று கத்தினேன். "வுடு மேரி" என்றார்.

இதை எழுதுவது அதற்காக அல்ல. நீங்கள் என் வீட்டில் இருந்தபோது ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. செம்பில் கொடுத்தேன், அப்படியே வைத்துவிட்டீர்கள். இரண்டு தரம் கடையிலிருந்து கோலி சோடா வாங்கி வரச் சொன்னீர்கள். வெயிலுக்கு ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். தப்பை ஒப்புக்கொண்ட அன்றே குழாயை எடுக்கச் சொல்லியிருப்பீர்கள் என்று நம்பியிருந்தேன், நீங்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் அந்தக் குழாய் இன்னும் குழிக்குள்தான் கிடக்கிறது! அது தெரிந்தும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, நாங்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

புது ஆள் வால்வைத் திறக்கிறான், மூடுகிறான். கடைசிக் குடத்துக்கு இன்னும் பெண்கள் நிற்கிறார்கள். மூடிய பிறகு வடிகிறதைப் பிடிக்காதீர்கள் என்று சொன்னால், "ஒம் புருசன் வேலை போன ஆத்திரத்துல பேசுற" என்கிறார்கள். எனக்காக எதுவும் வேண்டாம். ரப்பர் குழாயைக் குழித் தண்ணீருக்கு ஒரு முழம் மேலேயே நிற்கும்படி வெட்டச் சொல்லுங்கள். எட்டாவிட்டால் முழுகாது, முழுகாவிட்டால் இழுக்காது. இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் ஷாப்பு வாசலில் நின்று எல்லாவற்றையும் கத்துவேன்.

ரத்தினசாமி மனைவி
ஆரோக்கியமேரி

•

ஆம்பூர்,
11 ஜூலை 1934

மேரி,

நீ என்னை மேஸ்திரி அவர்கள் என்று எழுதிய காகிதத்தை அண்ணிக்குத் தெரியாமல் கிழித்துப்போட்டேன். திட்டு, உனக்கு உரிமை உண்டு. ஆனால் என் பக்கத்தையும் கேள்.

விசாரணைக்குப் போகுமுன் முதலாளி ஆள் அனுப்பினார். உண்மை வெளியே வந்தால் நகரசபை குழாயைப் பிடுங்கும், ஷாப்பை மூடிவிட்டு எல்லாவற்றையும் வாலாஜாபேட்டைக்குக் கொண்டுபோவேன் என்றார். நம் தெருவில் அந்த ஷாப்புக்குப் போகாத வீடு எது? அத்தனை அடுப்பும் அணைந்துபோகும். ஒருத்தருடைய பேர் கெட்டால் அத்தனை பேர் கஞ்சி குடிப்பார்கள். மாப்பிள்ளைக்கு இங்கே வேலை போட்டுத் தருகிறேன். முதலாளியும் சரி என்றுவிட்டார். ஆம்பூரில் அவரை யாருக்கும் தெரியாது. புறப்பட்டு வாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். குழாயை முழுகவிடச் சொன்னது நான். கையால் முழுகவைத்தது யார் தெரியுமா? பெருமாள். தினம் காலையில் அவன்தான் எடுத்து வைப்பான், மிதக்காமல் இருக்க மேலே ஒரு கல்லையும் வைப்பான். எதற்கு என்றுகூட அவன் கேட்டதில்லை. தன் பிள்ளை குடித்த தண்ணீர் எந்தக் கையால் கெட்டது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. நான் சேர்மன் எதிரில் உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன? வைத்தது யார் என்பதுதானே? அவன் அங்கேதான், உனக்கு நாலடி முன்னால் நின்றிருந்தான்.

உன் புருஷனைக் கேட்டுப் பார். ஊரில் சீக்கு பரவிய வாரமே அவர் ஷாப்புக்கு வந்து, பெருமாள் குழிக்குள்ளிருந்து குழாயை எடுப்பதைப் பார்த்துவிட்டார். அவரும்தானே வாய் திறக்கவில்லை? அவர் செய்தால் பெருந்தன்மை, நான் செய்தால் துரோகமா?

ரப்பர் குழாயை வெட்டும்படி அங்கே இருக்கிற மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். இந்த வாரமே முடிந்துவிடும். என்னால் ஆனது இதுதான்.

அந்தோணி

•

பள்ளத்தெரு,
2 ஆகஸ்டு 1934

அண்ணா,

மேஸ்திரி என்று எழுதிப் பார்த்தேன், இன்றைக்கு அது வரவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

உன் கடுதாசியை அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "ஆமாம், பாத்தேன். மொதல்ல அவன் புள்ளைய அடக்கம் பண்ணட்டும்னு இருந்தேன். அப்பால சொல்ல வாய் வரல" என்றார். என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று அன்றைக்கு முழுவதும் அவரோடு பேசவில்லை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள். அவர் பேசாமல் இருந்தார், வேலையையும் பேரையும் இழந்தார். நீ பேசாமல் இருக்கவில்லை. பேசினாய், பொய் பேசினாய், பேசி இரண்டு ஷாப்பு வாங்கினாய். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே. பெருமாளுக்காகத்தான் என்றால் அவன் பிள்ளை செத்த பிறகும் அதே குழாயை அதே குழியில் அவன் கையாலேயே ஏன் வைக்கவிட்டாய்?

குழாயை வெட்டினார்கள். யாரை விட்டு வெட்டினார்கள் என்று நினைக்கிறாய்? குழாய் பெருமாளின் பொறுப்பு, அதனால் அவனிடமே கத்தியைக் கொடுத்திருக்கிறார்கள். "இனிமே குழித் தண்ணியில படவே கூடாது, ஆம்பூர் மேஸ்திரி உத்தரவு" என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவன் ஒன்றும் முட்டாள் இல்லையே அண்ணா.

நேற்று சாயங்காலம் வந்தான். பிள்ளை செத்த பிறகு அவன் எங்கள் வாசலை மிதித்தது நேற்றுத்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையெல்லாம் சுண்ணாம்பு வெடிப்பு.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. ஆம்பூர்லேர்ந்து அந்தோணி மேஸ்திரி எதுக்கு அந்தக் கொழாய வெட்டச் சொன்னாரு? குழித் தண்ணி பட்டா இன்னா? அது மெயின் குழாய்ல ஏறுமா? அந்தக் கொழாய தெனம் வச்சவன் நான்தான்க்கா. தேவகிகிட்ட இன்னும் சொல்லல. ஒன்கிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு வந்தேன்."

நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி அது. மூன்று மாதமாக யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று ஏங்கினேன். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மறுநாளே என் புருஷன் தலை நிமிர்ந்து நடப்பார். அவரைப் பார்த்தேன். அவர் மூலையில் உட்கார்ந்து கூடைக்கு விளிம்பு கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. இல்லையென்று தலையை மட்டும் லேசாக ஆட்டினார்.

நான் சொன்னேன்: "இன்னாடா பெருமாளு, பைத்தியமா ஒனக்கு? கொழாயில தண்ணி மேலேர்ந்து கீழதான் வரும், எங்கனா திரும்பி ஏறுமா? எல்லாம் தொட்டியால வந்த வெனை. இவருதான் கழுவாம வுட்டுட்டாரு. எத்தினி தபா சொன்னேன், கேக்கல இந்த மனுசன்."

எங்கிருந்து அப்படி வந்ததோ தெரியவில்லை, நீ சேர்மன் எதிரில் சொன்னது போலவே வந்தது.

பெருமாள் அப்படியே வாசலில் குந்தி அழுதான். பாரத்தை இறக்கிவைத்தவன் அழுகிற அழுகை அது. நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். எழுந்தவன் என் புருஷனைப் பார்த்தான். இத்தனை நாள் அவனுக்குள் இருந்த சந்தேகம் போய்விட்டது, அதனால் இனி அவனால் நிம்மதியாக வெறுக்க முடியும். "நீ நல்லா இருப்பியாய்யா?" என்று அவர் காலடியில் துப்பிவிட்டுப் போனான். அவர் கூடையைக் கீழே வைக்கவில்லை.

ஆம்பூருக்கு நாங்கள் வரமாட்டோம். உன் ஷாப்பு வேலையும் வேண்டாம். இங்கேயே இருப்போம், ஏனென்றால் நாங்கள் ஓடிப்போனால் பெருமாள் மறுபடியும் யோசிக்க ஆரம்பித்துவிடுவான். பெண்களிடம் கடைசிக் குடம் பிடிக்காதீர்கள் என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். புருஷனே கழுவாத தொட்டிக்கு இவள் யார் புத்தி சொல்ல என்று சிரிக்கிறார்கள். ஷாப்பில் வேறு எவனாவது நீளக் குழாயை மாட்டாமல் பார்த்துக்கொள்வது இனி உன் பொறுப்பு.

ஒருநாள் உன் மனம் உன்னைக் குத்தும் அண்ணா. உன்னை எனக்குத் தெரியும், குத்தாமல் விடாது. அன்றைக்கு நீ வண்டியேறி வந்து, தெரு நடுவே நின்று நடந்ததையெல்லாம் சொல்வாய். அப்போது பெருமாள் என் முகத்தைத்தான் பார்ப்பான். என் அண்ணன் சொல்வது பொய் என்று முதல் ஆளாகச் சொல்ல வேண்டியவள் நான்தான்.

மேரி